வார்டுக்கும் லேபுக்கும் நடுவே எத்தனை கொண்டை ஊசி வளைவுகள்?

பக்கத்து வீட்டுப் பெண் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகி வாசலில் வெயில் விழ ஆரம்பித்த நேரத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, அமெரிக்காவில் எம்.டி.யும் பிஎச்.டி.யும் ஒரே படிப்பாகத் தருகிறார்களாமே, அது எதுக்கு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா குறுக்கே வந்துவிட்டார். "டாக்டருக்குப் படிக்கவே அஞ்சரை வருஷம் சார். அதுக்கு மேல இன்னொரு பட்டமா? சம்பளம் எப்போ வாங்குறது?"

அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவர். அப்படித்தான் கேட்பார். ஆனால் யோசித்துப் பார்த்தால், டாக்டர்களை ஆய்வாளர்களாகவும் வளர்க்க உலகம் முழுக்க நடந்த முயற்சியெல்லாம் அந்த வாசலில் எழுந்த இரண்டு கேள்விகளைத்தான் சுற்றி வந்திருக்கிறது. எதற்கு? சம்பளம் எப்போது?

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூரில் எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. எழுதி, மூன்று வருடம் படித்து வாங்கும் மேற்படிப்பு. அமெரிக்காவில் அது டாக்டராவதற்கான முதல் பட்டம். கல்லூரியில் நான்கு வருடம் ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் படித்துவிட்டு, அதற்குமேல் நான்கு வருடம் அதைப் படிக்கிறார்கள். ஆகவே அங்கே எம்.டி.–பிஎச்.டி. என்று சொன்னால் நம் கணக்கில் அது எம்.பி.பி.எஸ்.ஸோடு சேர்ந்த பிஎச்.டி. இருதயமோ சிறுநீரகமோ, சிறப்புப் பயிற்சியெல்லாம் அதற்கு அப்புறம்தான். இங்கே அதே எழுத்துகளைப் போட்டால், சிறப்பு மருத்துவராகவே ஆகிவிட்ட ஒருவர் ஆய்வுப் பட்டமும் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

அமெரிக்க முறையில் முதல் இரண்டு வருடம் மற்ற மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பு. பிறகு அவர்களை விட்டுப் பிரிந்து ஒரு லேபுக்குள் போய்விட வேண்டும். அங்கே மூன்றிலிருந்து ஐந்து வருடம். ஆய்வேட்டை முடித்த கையோடு மீதி இரண்டு வருட வார்டுப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். மொத்தம் ஏழிலிருந்து ஒன்பது வருடம் ஓடிவிடும். திரும்பி வரும் நாள்தான் சங்கடமான நாள் என்பார்கள். கூடப் படித்தவர்கள் டாக்டராகி, சீனியராகி, இவருக்கே வேலை சொல்லும் இடத்தில் நிற்பார்கள். இவர் ஒரு நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து வருடக்கணக்காகியிருக்கும்.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? அதற்குப் பதில் சொல்ல அவளைக் கல்லட்டிப் பாதைக்குக் கூட்டிப்போனேன். பேச்சில்தான்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1897 கோடையில் விடுமுறைக்காக ஊட்டிக்கு வந்த ரொனால்டு ராஸ் அந்தச் சரிவில் சீகூர்ப் பக்கம் இறங்கினார். ஆங்கிலேய அரசின் இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர் அவர். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று லண்டனில் இருந்த பாட்ரிக் மான்சன் சொல்லியிருந்ததைப் பிடித்துக்கொண்டு கொசுக்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். கொசுவலைக்குள் படுத்தும் சீகூரில் அவருக்கே மலேரியா வந்தது. ஆனால் இறக்கையில் புள்ளி உள்ள ஒரு கொசு அங்கே அவர் கண்ணில் பட்டது. அதுவரை அவர் அறுத்துப் பார்த்தவை வேறு இனங்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி, செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த அத்தகைய கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு வந்தது.

இந்தக் கதையில் நான் அவளுக்குச் சொல்ல விரும்பியது நோபலை அல்ல, அதற்கு முன்னால் வந்த டிரான்ஸ்பரை. ஆகஸ்டில் கண்டுபிடிக்கிறார், செப்டம்பரில் ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆய்வுக்கு வேண்டிய மலேரியா நோயாளிகள் அங்கே இல்லை. கையில் விடை, எதிரே காலி வார்டு. மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மான்சன் லண்டனில் பேச வேண்டியவர்களிடம் பேசி, 1898 தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்த பிறகுதான், பறவைகளின் மலேரியாவை வைத்து மீதியைக் கண்டுபிடித்தார். அரசு டாக்டர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கதையை முதல்முறை கேட்கும்போதே தெரிந்த கதை போலத் தலையாட்டுவார்கள்.

காய்ச்சல்காரனின் ரத்தமும் கொசுவின் வயிறும் ஒரே ஆளின் நுண்ணோக்கிக்கு அடியில் வந்ததால்தான் இரண்டுக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. வார்டில் இருப்பவருக்குக் கேள்வி தெரியும், அதைச் சோதித்துப் பார்க்கும் வழி தெரியாது. லேபில் இருப்பவருக்கு வழி தெரியும், எது கேட்கத் தகுந்த கேள்வி என்பது தெரியாது. நடுவே தூது போக ஆள் வைக்கலாம். போகவும் செய்கிறார்கள். ஆனால் நோயாளி சொல்லாமல் விட்ட ஒன்று, அந்த அறையில் இருந்தவருக்கு மட்டும் உறுத்தும் ஒன்று, தூதுவன் வாயில் வராது.

இதற்கு இன்னும் நல்ல சான்று குன்னூரிலேயே இருக்கிறது. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே உள்ள பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கியது. குன்னூர்க்காரர்களுக்குப் பாஸ்டர் என்றாலே நாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கட்டடத்தின் ஒரே ஒரு அறையில் 1918இல் வேறொரு வேலையும் ஆரம்பமானது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்துபோகும் பெரிபெரி நோய் ஏன் வருகிறது என்று விசாரிக்கும் வேலை. செய்தவர் ராபர்ட் மெக்கரிசன். கில்கிட் மலைகளில் டாக்டராக இருந்தபோது கழுத்துக் கழலையை ஆராய்ந்தவர்.

அவர் எலிகளை வளர்த்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே எலிகளுக்குத் தனித்தனியாகப் போட்டார். ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய மதராஸி எலிகள் கடைசி வரிசையில் நோஞ்சானாக நின்றன. நம் மலையில் உட்கார்ந்துகொண்டு நம் சாப்பாட்டுக்கே கடைசி மார்க் போட்ட மனிதர்! ஆனால் தீட்டிய அரிசி விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டும் அவர் குழுவினரும் அரிசியை விடாமல் ஆராய்ந்து, நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் என்ற வைட்டமின் உள்ளே இறங்கிவிடுவதால் புழுங்கல் அரிசி தின்பவர்களுக்குப் பெரிபெரி அண்டுவதில்லை என்பதை எடுத்துச் சொன்னார்கள். பாட்டி புழுங்கல் அரிசிதான் நல்லது என்று சொன்னதற்கு ஆய்வக முத்திரை விழுந்தது இந்த ஊரில்தான்.

அந்த ஒரு அறை ஒரேயடியாக வளர்ந்துவிடவில்லை. 1923இல் சிக்கனம் என்று சொல்லி அரசு பணத்தை நிறுத்த, வேலை நின்றுபோனது. இரண்டு வருடம் கழித்துத்தான் மீண்டும் ஆரம்பித்தார்கள். 1928இல் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்ற முழு நிறுவனமானது. 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

போவதற்கு முன் இங்கே வேலை பார்த்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். சென்னையில் எம்.டி., லண்டனில் பிஎச்.டி. இன்னொருவர் வி. ராமலிங்கசுவாமி. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் எம்.டி., ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வுப் பட்டம். குன்னூரில் அவர் நோய்க்கூறு மருத்துவராக இருந்தார். இருவரும் பின்னாளில் அடுத்தடுத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர்களானார்கள், இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்களும் ஆனார்கள். இரட்டைப் பட்டப் படிப்பு என்று ஒன்றை யாரும் அவர்களுக்கு வடிவமைத்துக் கொடுக்கவில்லை. ஒரு பட்டம் இங்கே, ஒரு பட்டம் கடல் கடந்து என்று அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்த்ததால் என்ன லாபம்? பெல்லக்ரா என்ற தோல் நோயை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தையே நம்பி வாழ்பவர்களுக்கு நியாசின் சத்துக் குறைவால் வருவது என்பது பாடப்புத்தகம். தக்காணத்திலோ மக்காச்சோளத்தைத் தொடாமல், சாதாரணச் சோளம் தின்பவர்களுக்கு அது வந்தது. புத்தகத்தை நம்பும் டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம், நோயும் ஆறிவிடும். கோபாலன் அப்படி விடவில்லை. சோளத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுதியாக இருப்பது நியாசினோடு மோதுகிறதோ என்று கேட்டு, சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவோடு சேர்ந்து சோதித்து 1960இல் எழுதினார். அந்த விளக்கம் பிறகு விவாதத்துக்கு உள்ளானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராமலிங்கசுவாமி காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கிய ஆய்வு இன்னும் நேரடியானது. அயோடின் சேர்த்த உப்பைச் சில பகுதிகளுக்கும் சேர்க்காத உப்பை மற்றப் பகுதிக்கும் கொடுத்து, கழுத்துக் கழலை குறைவதை ஆண்டுக்கணக்கில் எண்ணிக் காட்டினார். நம் சமையலறையில் இருக்கும் அயோடின் உப்புப் பொட்டலத்துக்குப் பின்னால் இருக்கும் வேலை அது.

இவர்களுக்கெல்லாம் இருந்தது என்ன என்று பார்த்தால், சம்பளம் வரும் வேலை, லேபுக்கு எட்டும் தூரத்தில் நோயாளி, அவசரப்படுத்தாத நேரம். 1950களில் அமெரிக்காவில் கவலை வந்ததே இந்த மூன்றும் தானாகச் சேராது என்று புரிந்தபோதுதான். 1956இல் கிளீவ்லாந்தில் உள்ள மருத்துவக் கல்லூரி ஒன்று முதல் இரட்டைப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1964இல் அவர்களுடைய தேசிய சுகாதார நிறுவனம் மூன்று கல்லூரிகளில் அதற்கான திட்டத்தை ஆரம்பித்தது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இருக்கிறது. அதன் உயிர்நாடி பாடத்திட்டத்தில் இல்லை, பணத்தில் இருக்கிறது. படிப்புக் கட்டணம் முழுக்க இலவசம், மாதாமாதம் உதவித்தொகை. அங்கே டாக்டராகி வெளியே வரும் ஒருவரின் தலையில் சுமார் 2 லட்சம் டாலர் கடன் சாதாரணம். அந்தக் கடனோடு யார் எலி வளர்க்கப் போவார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு அரசு கொடுத்த பதில் இது.

அப்படியும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1979இல் ஜேம்ஸ் வின்கார்டன் என்ற மருத்துவர், நோயாளியையும் பார்த்து ஆய்வும் செய்கிறவர்கள் அழிந்துவரும் இனம் என்று எழுதினார். பிறகு அவரே அந்தத் தேசிய நிறுவனத்தின் தலைவரானார். இன்றும் அமெரிக்க டாக்டர்களில் ஆய்வைத் தொழிலாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இரட்டைப் பட்டம் வாங்கி, சிறப்புப் பயிற்சியும் முடித்து, தன் பெயரில் முதல் பெரிய ஆய்வு நிதி வாங்கும்போது பலருக்கு நாற்பது வயது தாண்டிவிடுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், ஹவுஸ் சர்ஜன் காலத்தையும் சேர்த்து. நீட் பி.ஜி.க்கு ஒரு வருடமோ இரண்டோ. எம்.டி. மூன்று. பிஎச்.டி. மூன்றிலிருந்து ஐந்து. பதினெட்டில் ஆரம்பித்த பெண் முப்பதைத் தாண்டுவாள். வழி இல்லாமல் இல்லை. பல நிறுவனங்களில் எம்.பி.பி.எஸ். முடித்ததுமே பிஎச்.டி.யில் சேரலாம். மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எம்.டி.யோடு பிஎச்.டி. செய்பவர்களுக்கு உதவி தருகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், 425 கோடி ரூபாய் நன்கொடையில் 800 படுக்கை மருத்துவமனை கட்டி, இரட்டைப் பட்டத்தை மையமாக வைத்த மருத்துவப் பள்ளி நடத்தப்போவதாக 2022இல் அறிவித்தது. பக்கத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் வேலூர். எம்.பி.பி.எஸ்., எம்.டி., பிஎச்.டி. மூன்றையும் சி.எம்.சி.யிலேயே முடித்த ககன்தீப் காங், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸை ஆராய்ந்து, அதன் தடுப்பூசிக்குப் பங்களித்து, 2019இல் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் ஆனார்.

என் குறை பட்டத்தைப் பற்றியது அல்ல, பட்டத்துக்குப் பிறகு வரும் நாற்காலியைப் பற்றியது. இரண்டும் படித்த ஒருவரை ஒரு சாதாரண மருத்துவக் கல்லூரியில் உட்கார வைத்தால் காலையில் ஓ.பி., பிறகு வகுப்பு, பிறகு டியூட்டி. ஆய்வு இரவு ஒன்பது மணிக்கு மேல், அதுவும் சொந்த ஆர்வத்தில். வாரத்தில் மூன்று நாள் உனக்கு லேப், மீதி நாள் வார்டு என்று எழுதித் தரும் வேலை உத்தரவு இந்தியாவில் அரிது. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்றார்கள், கட்டுரைகள் குவிந்தன. பி.ஜி. மாணவர்கள் எல்லோரும் தீசிஸ் எழுதுகிறார்கள். அதில் எத்தனை, எழுதியவருக்கே ஒரு வருடம் கழித்து நினைவிருக்கும் என்று தெரியவில்லை. ராஸுக்கு டிரான்ஸ்பர் உத்தரவு கொடுத்த மேசை இன்னும் அப்படியே இருக்கிறது.

நீலகிரிக்கு இது ஏன் வெறும் பழைய பெருமை இல்லை என்பதற்கு வருகிறேன். 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் இந்த மலையின் பழங்குடியினரிடம் அரிவாள் செல் பண்பு இருப்பதாக எழுதினார்கள். அந்தப் பண்பு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால், ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து, சிறு குழாய்களில் அடைத்து, எலும்பைப் பிளக்கும் வலியைக் கொடுக்கும் நோயாகிவிடும். அதுவரை ஆப்பிரிக்க வழி வந்தவர்களோடு சேர்த்தே பேசப்பட்டது. லேமன் மருத்துவப் பட்டம் பெற்றவர், கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலில் பிஎச்.டி.யும் வாங்கியவர். அதாவது நம் பெண் கேட்ட அதே ஜாதி ஆள்.

2008இல் ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஆர்கினின் லேபில் இரட்டைப் பட்ட மாணவராக இருந்த விஜய் சங்கரன், கருவில் இருக்கும்போது உள்ள ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு அணைத்துவிடும் ஸ்விட்ச் போன்ற மரபணு ஒன்றைச் சுட்டிக் காட்டினார். அந்த ஸ்விட்சைத் தளர்த்தினால் பழைய ஹீமோகுளோபின் திரும்ப வரும், அணுக்கள் வளையாது. 2023 முடிவில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை அந்த இடத்தைத்தான் வெட்டுகிறது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்.

கூடலூரில் இருக்கும் பணியர் பழங்குடி வீட்டுப் பையனுக்கு இதனால் என்ன? லேமன் ரத்தம் எடுத்தார், எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து, 1990இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் டாக்டர்கள் இங்கேயே தங்கி, யாருக்கு நோய் இருக்கிறது என்று வீடு வீடாகத் தெரிந்து, மாத்திரை கொடுத்துப் பின்தொடர ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கண்டுபிடிப்பு நோயாளியிடம் திரும்பி வந்தது. ஆய்வு ரத்தத்தோடு போய்விடலாம், நோயாளி இங்கேதான் இருக்கிறார். நம் பக்கத்து அரிவாள் செல் நோயாளிகள் பலருக்கு அந்தக் கரு ஹீமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் அதிகம் இருக்கிறது. அதனால் சிலருக்கு நோய் லேசாகப் போகிறது, எல்லோருக்கும் அல்ல. ஏன் ஒருவருக்கு லேசு, இன்னொருவருக்குக் கடுமை என்பதை ஹார்வர்டு லேப் இருக்கும் பாஸ்டனில் உட்கார்ந்து கேட்க முடியாது. 2047க்குள் இந்த நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தை 2023 ஜூலையில் தொடங்கியிருக்கிறார்கள். ஊட்டியில் 150 இடங்களோடு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்துவிட்டது, 700 படுக்கைகளோடு மருத்துவமனை 2025இல் திறந்தாயிற்று. நோயாளி இருக்கிறார், கட்டடம் இருக்கிறது. நடுவில் நிற்க ஆள் வேண்டும்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் அவள் அப்பா, "எல்லாம் சரி சார், முப்பத்திரண்டு வயசு வரைக்கும் வீட்டை யாரு பார்க்குறது?" என்றார். நியாயமான கேள்வி. கல்யாணம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, ஆனால் அது நடுவில் உட்கார்ந்திருந்தது. அவரைச் சமாதானப்படுத்தும் பதில் என்னிடம் இல்லை. ஏழெட்டு வருடம் எழுதிக் கொடுக்காமலே ஒரு கேள்வியைத் தொட்டுப் பார்க்க வழி உண்டு என்பதை மட்டும் சொன்னேன். எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்காக மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979இலிருந்து குறுகிய கால ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. இரண்டு மாதம், ஒரு வழிகாட்டி, ஒரு சிறிய ஆய்வு, முடித்து அறிக்கை கொடுத்தால் உதவித்தொகை.

"எவ்வளவு தருவாங்க?" என்றார் அவர். அவள் அதற்குள் போனில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்துவிட்டாள். முதல் கட்டமே வழிகாட்டியின் பெயர். யாரைக் கேட்பது என்று தெரியாமல், எங்கள் துறையில் யாருக்கு மேடம் நேரம் இருக்கும் என்று தன் சீனியருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டே எழுந்து போனாள்.